22 இல்ல, 11

அன்புள்ள தோழிக்கு,

நீ எழுதுன கடிதம் நாலு போட்டோவா வாட்ஸ்அப்ல வந்துச்சு, டிரெய்னிங் ஹாஸ்டல்ல பாத்த அதே உருண்டை கையெழுத்து, கொஞ்சம் கூட மாறலடி. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்பதான் மனசு ஆறுச்சு. வாக்கர் வச்சு நடக்கும்போது பாத்ரூம் தரையில தண்ணி நிக்காம பாத்துக்க, எங்க அத்தைக்கு அப்படித்தான் திரும்ப ஒரு தடவை ஆச்சு. தம்பி பையன் கல்யாணத்துக்கு கண்டிப்பா வருவேன், லீவுலதான் வருது.

நீ ஹெச்எம் ஆனது எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா. ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் வருஷத்துக்கு ஒரு இலக்கு எழுதி மாசாமாசம் எவ்ளோ தூரம் வந்துருக்கோம்னு காட்டணும்னு சொல்லிருக்காங்க, என்ன எழுதுறது, எப்படி அளக்குறது, சுவத்துல சார்ட் போடணுமானு கேட்டிருக்க. நாங்க இந்த ஒரு வருஷம் என்ன பண்ணோம்னு அப்படியே சொல்றேன், அதுல உனக்கு வேணுங்கிறத எடுத்துக்க.

எங்களது ஈராசிரியர் பள்ளி, உனக்குத் தெரியும். 41 புள்ளைங்க, நானும் ஒரு டீச்சரும். எண்ணும் எழுத்தும் வந்த நாள்லேருந்து, அதான் 2022 ஜூன்ல திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்துல முதலமைச்சர் ஆரம்பிச்சு வச்சாரே, 2025க்குள்ள எட்டு வயசுக்குள்ள இருக்குற எல்லாப் புள்ளையும் பிழையில்லாம படிக்கணும், எழுதணும், அடிப்படைக் கணக்கு போடணும்னு இலக்கு வச்சாங்களே, அதுலேருந்து புள்ளைங்களை அரும்பு மொட்டு மலர்னு மூணு நிலையா பிரிச்சு பதிவு பண்றோம். நல்ல திட்டம்தான்டி, நான் மனசாரச் சொல்றேன், கதைக் களம் பாடல் களம்னு புள்ளைங்க கிளாஸ்ல வாயைத் திறக்க ஆரம்பிச்சதே அதுக்கு அப்புறம்தான். ஆனா பதிவு பண்ண இடத்துல நாங்க தப்பு பண்ணோம். இந்த வருஷம் மூணு நாலு அஞ்சு வகுப்புல இருந்தவங்க மொத்தம் 26 பேரு, அதுல 22 பேரு நல்லா படிக்கிறாங்கன்னு போன வருஷம் முடியும்போது போட்டிருந்தோம். யாரையும் ஏமாத்தணும்னு போடல. கிளாஸ்ல எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது சத்தம் நல்லா வந்துச்சு, புத்தகத்தைத் திறந்து படின்னா படிச்சாங்க, அதனால போட்டோம்.

ஜூலைல ஒரு நாள் ரெண்டாவது படிச்சிட்டு மூணாவதுக்கு வந்த ஒரு பொண்ணு என் பக்கத்துல உக்காந்து படம் போட்ட கார்டை வாசிச்சுச்சு. படத்துல பட்டம் பறக்குது, கீழ "பட்டம்"னு எழுதிருக்கு. அது விரலை எழுத்து மேல வச்சுக்கிட்டே "காத்தாடி"னு சொல்லுச்சு. எங்க ஊர்ல காத்தாடினுதான் சொல்லுவோம். நான் படத்தைக் கையால மூடிட்டு திரும்ப படின்னேன், அது என் முகத்தையே பாத்துச்சு. ப-வும் தெரியும், ட்-டும் தெரியும், தனித்தனியா கேட்டா சொல்லுது, சேர்த்து வாசிக்கத் தெரியல. இந்தப் பொண்ணு எங்க ரெஜிஸ்டர்ல நல்லா படிக்கிற 22 பேர்ல ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரலடி.

மறுநாளே டீச்சரோட பேசி முடிவு பண்ணோம், ஒவ்வொரு புள்ளையா தனியா உக்கார வச்சு, இதுவரைக்கும் பாக்காத ஒரு சின்ன கதையைக் குடுத்து வாசிக்கச் சொல்றதுன்னு. கிராமத்துப் புள்ளைங்க எவ்ளோ படிக்கிறாங்கன்னு பாக்குற ஏசர் சர்வேல வீட்டுக்கு வீடு போய் அப்படித்தான பாக்குறாங்க, எழுத்து, வார்த்தை, சின்ன பத்தி, ரெண்டாம் வகுப்பு கதைன்னு படிப்படியா. அந்த 2022 ஏசர்ல நம்ம மாநிலத்துல மூணாவது படிக்கிற புள்ளைங்கள்ல ரெண்டாவது பாடம் வாசிக்கிறவங்க 4.8 சதவீதம்னு வந்தப்ப, 2018ல 10.2 இருந்தது கொரோனாவால பாதியாச்சுன்னு, ஞாபகம் இருக்கா, நாம ரெண்டு பேரும் போன்ல ரொம்ப கோவப்பட்டோம், எங்க போய் யாரை எடுத்தாங்களோன்னு. இப்ப எனக்கு அந்தக் கோவம் இல்ல. ஆளுக்கு அஞ்சு நிமிஷம், மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்பமரத்தடியில பாய் போட்டு, நாலு நாள்ல 26 பேரையும் முடிச்சோம். கதையை வாசிச்சு ரெண்டு கேள்விக்கு பதிலும் சொன்னவங்க 11 பேரு.

22 எங்க, 11 எங்க. டீச்சர் அழுதுட்டாங்க. அவங்களும் நானும் அஞ்சு வருஷமா சேந்து உழைச்ச ஸ்கூல் இது.

இதுல அடுத்து நடந்ததைத்தான் உனக்கு முக்கியமா சொல்லணும். அந்த 11ஐ அப்படியே பதிவு பண்ணேன். மேல இருந்து ஒருத்தர் கூப்பிட்டு, ஏன் மேடம் திடீர்னு பாதியா குறைஞ்சிருக்கு, இப்படி போட்டா நம்ம ஒன்றியமே கீழ போயிடும், கொஞ்சம் பாத்துப் போடுங்கன்னாரு. நான் சார், நோட்டு இருக்கு, புள்ளைங்க இருக்காங்க, நீங்களே வந்து யாரை வேணா கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க, 12வது ஆள் படிச்சா மாத்திக்கிறேன்னு சொன்னேன். பயமாத்தான் இருந்துச்சு. ஆனா மாத்தல. நீயும் முதல் மாசம் எடுக்குற கணக்கு எவ்ளோ கேவலமா இருந்தாலும் அப்படியே எழுது, அதுல நாலு கூட்டிப் போட்டா மார்ச் மாசம் அந்த நாலு பேரை நீ தேடவே மாட்ட, அவங்கதான் ஏற்கனவே படிக்கிறவங்களாச்சே.

எஸ்எம்சி, அதான் பள்ளி மேலாண்மைக் குழு, அந்தக் கூட்டத்துல பெத்தவங்ககிட்ட சொல்றதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. ஒரு அம்மா எந்திரிச்சு, என் புள்ள நல்லா படிக்கிறான்னு போன வருஷம் நீங்கதான டீச்சர் சொன்னீங்கன்னாங்க. ஆமாம்மா, தப்பா சொல்லிட்டேன், கூட்டத்தோட சொல்லும்போது கேட்டுட்டு சொல்லிட்டேன், இந்த வருஷம் தனியா உக்கார வச்சு பாக்குறேன்னு சொன்னேன். அவங்க உக்காந்துட்டாங்க. அடுத்த மாசம் அவங்களே வந்து, ராத்திரி எட்டு மணிக்கு டிவியை நிறுத்திட்டு புத்தகத்தை எடுக்கச் சொல்றேன், எனக்குப் படிக்கத் தெரியாது, அவன் சரியா படிக்கிறானான்னு நான் எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டாங்க. விரல் வேகமா ஓடி வாய் மெதுவா வந்தாலும், வாய் ஓடி விரல் நின்னாலும் மனப்பாடமா இருக்கலாம், ரெண்டும் சேந்து போனா படிக்கிறான்னு சொல்லிக் குடுத்தேன்.

அப்புறம் படிக்காத 15 பேரும் எங்க நிக்கிறாங்கன்னு பாத்தோம். ஆளுக்கு ஒரு பக்கம், 40 பக்க நோட்டு, தேதி போட்டு எந்த வார்த்தையில தடுக்குதோ அந்த வார்த்தையை அப்படியே எழுதுறது, அவ்ளோதான். மதிப்பெண் கிடையாது. ரெண்டு வாரத்துல ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சுபோச்சு. 15ல 9 பேரு உகர ஊகார வரிசையில நிக்கிறாங்க. யோசிச்சுப் பாரேன், துணைக்கால்னா எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி பக்கத்துல ஒரு கால், ஆனா கு, சு, து எல்லாம் ஒவ்வொண்ணும் ஒரு தினுசா வளையுது, ஒண்ணைத் தெரிஞ்சா இன்னொண்ணு வராது. மீதி பேர்ல மூணு பேருக்கு கொம்பு பிரச்சனை, "கொ"ன்னா முன்னாடி ஒரு கொம்பு பின்னாடி ஒரு கால், அதை கெ, கா-னு ரெண்டா பிரிச்சு வாசிக்கிறாங்க. மொத்தப் பாடத்தையும் திரும்பத் திரும்ப நடத்திக்கிட்டு இருந்த எங்களுக்கு இது கண்ணுல படவே இல்ல. மூணு வாரம் காலையில முதல் அரை மணி நேரம் உகர வரிசை மட்டும், மணல்ல எழுதுறது, புளியங்கொட்டையில வடிவம் வைக்கிறது, பேப்பர்ல அந்த எழுத்தை மட்டும் வட்டம் போடுறது. காலை உணவு வந்தது இதுக்கு எவ்ளோ உதவியா இருந்துச்சு தெரியுமா. 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தப்புறம் எங்க புள்ளைங்க எட்டரைக்கே ஸ்கூல்ல இருக்காங்க, முன்னாடி ஒன்பதரைக்கு வந்து அரைத் தூக்கத்துல உக்காந்திருப்பாங்க, அந்த முதல் அரை மணி நேரம் எங்களுக்கு கிடைச்சதே உப்புமாவாலயும் பொங்கலாலயும்தான்.

கணக்குலயும் அப்படித்தான். 42ல 17 போனா எவ்ளோன்னா பாதிப் பேரு 35னு எழுதுறாங்க. முதல்ல கவனக்குறைவுன்னு நினைச்சேன். நோட்டுல வரிசையா எழுதிப் பாத்தப்பதான், ஏழுலேருந்து ரெண்டைக் கழிக்கிறாங்க, எது பெருசோ அதுலேருந்து சின்னதைக் கழிச்சிட்டுப் போறாங்கன்னு புரிஞ்சுது. ஈர்க்குச்சியை பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒரு கட்டைப் பிரிச்சு ஒண்ணாம் இடத்துல சேர்க்கச் சொன்னேன். பக்கத்துல கடன் வாங்கணும்னு நான் சொன்னதும், நாலாவது படிக்கிற ஒரு சுட்டிப் பையன், கடன் வாங்குனா திருப்பிக் குடுக்கணும்ல மிஸ்னு கேட்டான். அதுலேருந்து கடன் வாங்குறதுங்கிற வார்த்தையையே விட்டுட்டேன், கட்டைப் பிரின்னுதான் சொல்றேன், சட்டுனு புரியுது.

சதவீதம் பத்தி ஒண்ணு சொல்லணும். உன் ஸ்கூல்ல 200 பேருன்னா பரவால்ல, எங்களை மாதிரி இடத்துல ஒரு புள்ள கிட்டத்தட்ட நாலு சதவீதம். டிசம்பர்ல 17 பேரு படிச்சாங்க. பொங்கல் முடிஞ்சதும் ஒரு குடும்பம் செங்கல் சூளைக்குப் போயிடுச்சு, அந்தப் பையன் அப்பதான் டிசம்பர்ல முதல் தடவையா கதையை முழுசா வாசிச்சான், டிசி கூட வாங்கல, கதைப் புத்தகம் ரெண்டு பையில வச்சு அனுப்புனேன். பிப்ரவரில வேற ஊர்லேருந்து ஒரு பொண்ணு சேந்துச்சு, எழுத்தே தெரியல. வருஷக் கடைசியில 26க்கு 20, 77 சதவீதம். ஆனா ஜூன்லேருந்து எங்ககிட்டயே இருந்த 25 பேரை மட்டும் எடுத்தா 11லேருந்து 20, அதாவது 80. ரெண்டையும் எழுதி வச்சிருக்கேன். இந்த வருஷ மூணாவதையும் போன வருஷ மூணாவதையும் வச்சு கூடிருச்சு குறைஞ்சிருச்சுன்னு சொல்றதுல எங்களுக்கு அர்த்தமே இல்ல, அது வேற புள்ளைங்க. அதே புள்ள ஜூலைல எங்க நின்னுது, ஏப்ரல்ல எங்க நிக்குதுன்னு பாரு, எனக்கு அதுதான் கணக்கு.

நீ நிமிஷத்துக்கு 60 வார்த்தைன்னு கேட்டிருந்தியே, அது மத்திய அரசோட நிபுண் பாரத் திட்டத்துல மூணாவதுக்கு வச்ச இலக்கு. வாட்ச் வச்சு பாக்குறது தப்பில்ல, ஆனா நம்ம தமிழ்ல "விளையாடிக்கொண்டிருந்தார்கள்"னு ஒரே வார்த்தையா வருது, இங்கிலீஷ்ல அதுவே மூணு வார்த்தை. அதனாலதான் 2022ல என்சிஇஆர்டி மூணாம் வகுப்பு புள்ளைங்க 86,000 பேர்கிட்ட தனித்தனியா வாசிக்கச் சொல்லி எடுத்த சர்வேல 20 மொழிக்கும் தனித்தனியா அளவு வச்சாங்க. நீ வேகத்தை எழுது, ஆனா அதுக்குப் பக்கத்துல என்ன புரிஞ்சுதுன்னும் ஒரு வரி எழுது. வேகமா வாசிச்சிட்டு கதையில நரி என்ன பண்ணுச்சுன்னா முழிக்கிற புள்ளைங்க எங்ககிட்ட ரெண்டு இருந்துச்சு.

சுவத்துல சார்ட் வேணாம்டி, பேர் போட்டு மட்டும் போடாத. நம்ம செயல்வழிக் கற்றல்ல, 2007ல எல்லா ஸ்கூலுக்கும் வந்தப்ப, கற்றல் ஏணி இருந்துச்சே, ஒவ்வொரு புள்ளையும் தான் எந்தப் படியில இருக்குன்னு தானே பாத்து கார்டை எடுத்துட்டு வந்து உக்காருமே, அதுல இன்னொருத்தரைப் பாத்து வெக்கப்பட ஒண்ணும் இல்ல. பேர் போட்ட சார்ட்ல கடைசியா இருக்குற புள்ள அந்தச் சுவர் பக்கமே வராது, நான் பாத்திருக்கேன்.

வாசிக்காத ஆறு பேரைப் பத்தி எழுதாம முடிக்க மாட்டேன். பிப்ரவரில வந்த பொண்ணு ஒண்ணு. ரெண்டு பேரு வருகையே பாதி நாள்தான், அதுல ஒண்ணு அம்மா நூறு நாள் வேலைக்குப் போற அன்னைக்கெல்லாம் தம்பியைப் பாத்துக்க வீட்ல நிக்குது, தம்பியையும் தூக்கிட்டு வா, கிளாஸ்லயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன், மார்ச்லேருந்து வருது. ஒரு பையனுக்கு எழுத்து தலைகீழா தெரியுற மாதிரி தடுமாறுது, வட்டார வள மையத்துலேருந்து சிறப்பாசிரியர் வாரத்துக்கு ஒரு நாள் வந்து பாக்குறாங்க, அவனுக்கு இன்னும் நாள் ஆகும். மத்த ரெண்டு பேரு சின்னப் பத்தி வரைக்கும் வந்துட்டாங்க, கதை நீளமானா விட்டுடுறாங்க, ஜூலைக்குள்ள வந்துடுவாங்கன்னு நம்பிக்கை இருக்கு. காத்தாடி பொண்ணு இந்த ஆறுல இல்ல. போன வாரம் பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டு வர்ற பஸ் போர்டெல்லாம் சத்தமா வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு, "உளுந்தூர்பேட்டை"ல மட்டும் கொஞ்சம் நின்னு, உ-ளு-ந்-தூ-னு கூட்டி, சரியா சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பாத்துச்சு.

நாங்க வச்சிருக்குற நாலு கதையும், உகர வரிசை வார்த்தை லிஸ்ட்டும் போட்டோ எடுத்து அனுப்புறேன், ஆனா உன் ஊர்ப் புள்ளைங்க பேசுற வார்த்தையை வச்சு நீயே ரெண்டு கதை எழுதிக்க, இங்க காத்தாடின்னா அங்க என்னவோ. அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுறேன், நோட்டையும் எடுத்துட்டு வரேன், உக்காந்து பாப்போம்.

உன் பழைய ரூம்மேட்