களப்பயிற்சி உண்டு என்று விளம்பரத்தில் இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் படிப்பு பற்றிப் பத்திரிகைகளின் கல்விப் பக்கங்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் தரவரிசை, கட்டணம், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. டெவலப்மென்ட் ஸ்டடீஸ் எனப்படும் சர்வதேச வளர்ச்சித் துறையில் முதுநிலை படிக்கப் போகிறவருக்கு இது போதாது. எந்த ஊரில், யாரோடு, எத்தனை வாரம் களத்தில் இருந்தீர்கள் என்றுதான் இந்தத் துறையில் வேலைக்கு எடுப்பவர்கள் கேட்பார்கள். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே, அதன் கால அட்டவணையிலும் அந்த நாட்டின் விசா விதியிலும் களப்பயிற்சிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு பொதுவாக ஒரே வருடம். செப்டம்பரில் தொடங்கினால் மே வரை வகுப்பும் தேர்வும், பிறகு ஆகஸ்ட் அல்லது செப்டம்பர் வரை ஆய்வேடு. "கோடை விடுமுறையில் முழுநேர இன்டர்ன்ஷிப் செய்துகொள்ளலாம்" என்று முகவர்கள் சொல்வதுண்டு. அந்த விடுமுறை இளநிலை மாணவர்களுக்குத்தான். முதுநிலை மாணவருக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் வரை அது படிப்புக் காலமே. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற மாணவர் விசா வரம்பு அப்போதும் உண்டு. சம்பளமில்லாத வேலையும் அந்தக் கணக்கில் சேரும். பாடத்திட்டத்தின் அங்கமாக, மதிப்பீட்டுக்கு உட்பட்ட பயிற்சி என்றால் மட்டும் இந்த வரம்பு பொருந்தாது. எனவே சேர்க்கைப் பிரிவுக்கு எழுதும்போது "இன்டர்ன்ஷிப் உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அது மதிப்பீடு உள்ள பாடமா, இடத்தைப் பல்கலைக்கழகம் பிடித்துத் தருமா, போன ஆண்டு எத்தனை பேருக்குக் கிடைத்தது?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு நேரடியாகப் பதில் வராவிட்டால் அதிலேயே பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள், நடுவில் ஒரு கோடை. களப்பயிற்சிக்கு இந்த அமைப்பே வசதியானது. ஹார்வர்ட் கென்னடி கல்லூரியின் சர்வதேச வளர்ச்சிக்கான எம்பிஏ (நாம் அறிந்த வணிக எம்பிஏ அல்ல, MPA எனும் பொது நிர்வாகப் பட்டம்), கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டெவலப்மென்ட் பிராக்டிஸ் பட்டம் இரண்டிலும் கோடைப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவுக்குள்ளேயே பயிற்சி என்றால் சிபிடி எனப்படும் படிப்புக் காலப் பயிற்சி அனுமதி, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் ஏறிய பிறகுதான் வேலையில் சேர வேண்டும். முழுநேர சிபிடியை 12 மாதம் பயன்படுத்திவிட்டால், படிப்பு முடிந்தபின் கிடைக்க வேண்டிய ஓபிடி என்ற வேலை அனுமதி கையைவிட்டுப் போய்விடும். கென்யாவிலோ நேபாளத்திலோ பயிற்சி என்றால் சிபிடி தேவையில்லை. ஆனால் திரும்பி வர ஐ-20இல் பயணக் கையொப்பம் வேண்டும். அது ஓராண்டுக்குத்தான் செல்லும்.

ஐரோப்பாவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுநிலைத் திட்டத்தில் வரும் குளோடெப் என்ற வளர்ச்சித் துறைப் படிப்பைப் பார்க்கலாம். செக் குடியரசின் ஒலோமோட்ஸ், பிரான்சின் கிளெர்மோன், இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது. உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. நாடு மாறும்போதெல்லாம் குடியிருப்பு அனுமதிக்கு மறுபடி அலைய வேண்டியிருக்கும்.

இடம் கிடைத்த பிறகும் பலர் சறுக்குவது ஆய்வு அனுமதியில்தான். மனிதர்களிடம் தகவல் சேகரிக்கும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும். அதற்கு ஆறு வாரம்கூட ஆகலாம். உள்ளூர் மொழியில் ஒப்புதல் படிவம் இல்லை, பதிவுகளை எங்கே எத்தனை காலம் வைப்பீர்கள் என்று எழுதவில்லை என்பவைதான் மனு திரும்பி வருவதற்கு வழக்கமான காரணங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பேட்டி எடுப்பதாக ஒரு வரி இருந்தாலே பரிசீலனை நீளும். இது முடிந்தபின் அந்தந்த நாட்டில் ஆய்வு அனுமதி தரும் அமைப்பின் ஒப்புதல்: கென்யாவில் நகோஸ்டி, தான்சானியாவில் கோஸ்டெக், உகாண்டாவில் முதலில் உள்ளூர் அறநெறிக் குழு, பிறகு யுஎன்சிஎஸ்டி. கென்யாவில் வெளிநாட்டவர் விண்ணப்பிக்க உள்ளூர் நிறுவனம் ஒன்றோடு இணைப்புக் கடிதமும் வேண்டும். சுற்றுலா அனுமதியில் போய்க் கேள்விப்பட்டியலை நீட்டினால் கிராம நிர்வாகமே திருப்பி அனுப்பிவிடும். ஜூனில் களம் என்றால் ஜனவரிக்குள் நாடும் தலைப்பும், பிப்ரவரிக்குள் நிறுவனத்தின் கடிதமும், மார்ச்சில் அறநெறி மனுவும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது காப்பீட்டையும் பாருங்கள். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை போக வேண்டாம் என்று சொல்லும் பகுதிகளில் காப்பீடு பொதுவாகச் செல்லாது என்பதால் பல்கலைக்கழகமும் பொதுவாக அனுமதி தராது. கென்யா–சோமாலியா எல்லையோரம் அப்படிப்பட்டது. பருவமும் முக்கியம். ஜூலை, ஆகஸ்டில் வடக்கு பீகாரில் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் திட்டமிட்டால் வெள்ளம் வந்து பாதிக் கிராமங்களை எட்ட முடியாமல் போகும்.

பயிற்சி தரும் நிறுவனத்தின் கடிதத்தில் வேலை என்ன, களத்தில் எத்தனை நாள், மொழிபெயர்ப்பாளருக்கும் வண்டிக்கும் யார் செலவு, சேகரித்த தரவை ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசி வரி இல்லாமல் போனால், நைரோபி அலுவலகத்தில் மூன்று மாதம் அறிக்கை திருத்திவிட்டு வெறுங்கையோடு திரும்ப நேரும்.

ஐ.நா. செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்கு ஊதியம் கிடையாது. நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் வாடகை நம் கையிலிருந்து போகும். யுனிசெஃப், ஐஎல்ஓ எனப்படும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆகியவை உதவித்தொகை தருகின்றன. ஆப்பிரிக்கா போகும் எண்ணம் இருந்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னை கிண்டி கிங் ஆய்வகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் கிளம்பும் முன்பே போட்டுவிடலாம். சான்றிதழ் ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். பிறகு ஆயுள் முழுதும் போதும். அது இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளிலிருந்து நேரே இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025 ஜூலை 1 அன்று வெளியுறவுத் துறைக்குள் கரைந்துவிட்டது. பிரிட்டனும் தன் உதவி நிதியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. அந்தப் பணத்தில் நடந்த தொண்டு நிறுவனங்களே பயிற்சி இடங்களையும் தந்தன. முழுத் தொகையையும் வங்கிக் கடனாக வாங்கிப் படிப்பதை இப்போது யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

இந்நிலையில் நம் மாணவருக்குச் செலவு குறைந்த வழி, வெளிநாட்டில் படித்துத் தமிழ்நாட்டிலேயே களப்பணி செய்வது. விசா வேண்டாம், மொழி சொந்தம். ஆனால் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 2022இல் வந்த விதிமுறை, இந்தியச் சமூகத்தைப் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை விலக்கிவிட்டது. வசதியுள்ள மாணவர் தன் ஊரைப் பற்றி லண்டனில் ஆய்வேடு எழுதலாம், அரசு உதவியில் போகும் மாணவர் எழுதக் கூடாது என்பது என்ன நியாயம்? விண்ணப்பிப்பவர்கள் அந்தந்த ஆண்டின் விதிமுறையை வரி வரியாகப் படித்துவிட்டுத் தலைப்பை எழுதட்டும். நம் எம்.பி.க்கள் இந்த விலக்கைப் பற்றிச் சமூக நீதி அமைச்சகத்திடம் கேள்வி எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
வளர்ச்சித் துறைப் பணியாளர்கள் சிலர்,
மதுரை