கோவை யாருடைய கோட்டை என்று எழுதும் முன்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேர்தல் செய்திகளுக்குப் பொறுப்பான தமிழ் நாளிதழ், தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கோவையைப் பற்றி எழுதும்போது ‘கோட்டை’ என்ற சொல்லைக் கைவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். 2021 சட்டமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அதிமுக கூட்டணி வென்றது. ஓராண்டுகூட ஆகவில்லை, 2022 பிப்ரவரியில் மாநகராட்சியின் 100 வார்டுகளில் 96 திமுக கூட்டணிக்குப் போயின. ஊர் அதேதான். ஊரார் மனம் தலைகீழாக மாறிவிட்டதாகக் கொள்வதற்கு முன், 2021-இல் அந்த வெற்றிகள் எப்படிக் கிடைத்தன என்று பாருங்கள். கோவை தெற்கில் அதிமுக கூட்டணியில் நின்ற பாஜகவின் வானதி சீனிவாசன் 53,209 வாக்கு, மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் 51,481, காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் 42,383. மும்முனைப் போட்டியில் 1,728 வாக்கு வித்தியாசத்தில் முடிந்த தொகுதியை யாருடைய கோட்டை என்பது?

மக்களவைக் கணக்கு இன்னும் தெளிவு. 1998-இல் அதிமுகவோடு சேர்ந்து நின்று பாஜகவின் சி.பி.ராதாகிருஷ்ணன் வென்றார், 1999-இல் திமுகவோடு சேர்ந்து நின்று அவரே மீண்டும் வென்றார். மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர்.நடராஜன் 2009-இல் அதிமுக அணியிலும், 2019-இல் திமுக அணியிலும் வென்றார். 2019-இல் அவர் பெற்றது 5,71,150. இரண்டு கழகங்களின் துணையும் இல்லாமல் நின்ற 2014-இல் 34,197. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் கோவை எம்.பி. பார்வதி கிருஷ்ணன் காலத்து ஆலைத் தொழிலாளர் சங்கங்களின் தடம் இந்நகரில் இன்னும் உண்டு. ஆனால் அந்த ஐந்து லட்சத்தில் பெரும்பகுதி கூட்டணியின் வாக்கு.

அதற்காகக் கூட்டணிக் கணக்கை வெறும் கூட்டலாகப் போடவும் முடியாது. 2024 முடிவு வந்ததும், அண்ணாமலையின் 4,50,132-ஐயும் அதிமுகவின் 2,36,490-ஐயும் கூட்டினால் 6,86,622, திமுகவின் கணபதி ராஜ்குமார் பெற்றதோ 5,68,200, ஆகவே சேர்ந்து நின்றிருந்தால் வெற்றி என்ற வாதம் பரவலாகப் பேசப்பட்டது. இதே கூட்டலை 2014-க்குப் போடுங்கள். தனித்தனியாக நின்ற அதிமுக 4,31,717, பாஜக 3,89,701. இரண்டும் சேர்ந்தால் 8,21,418. 2019-இல் உண்மையிலேயே சேர்ந்து நின்றார்கள். கிடைத்தது 3,92,007. இடையில் மதிமுக அணி மாறியது, மக்கள் நீதி மய்யம் புதிதாக வந்து 1,45,104 எடுத்தது, அமமுக பிரிந்தது. இவை போக, கூட்டாளியைப் பிடிக்காமல் எதிரணிக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் எந்தக் கூட்டல் கணக்கிலும் வரமாட்டார்கள்.

சரியாகப் பார்க்க ஒரு வழி உண்டு: படிவம் 20. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்கு அதில் இருக்கிறது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். கோவை மக்களவைத் தொகுதிக்குப் பல்லடம், சூலூர், கவுண்டம்பாளையம், கோவை வடக்கு, கோவை தெற்கு, சிங்காநல்லூர் என ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் தாள்களையும் எடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் மென்பொருள் 3-ஐ 8 என்று படிக்கும். எனவே ஒவ்வொரு வரியிலும் வேட்பாளர்களின் வாக்கோடு நோட்டாவையும் கூட்டி, மொத்தத்தோடு பொருத்திப் பாருங்கள். தபால் வாக்கு தனி வரி; அது எந்தச் சாவடிக்கும் சேராது.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் சாவடி எண். ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர் என்றிருந்த வரம்பு 2025-இல் 1,200 ஆனதால் சாவடிகள் பிரிந்து எண்கள் நகர்ந்தன. பழைய 112-ஐயும் புதிய 112-ஐயும் ஒப்பிட்டால் வேறு வேறு தெருக்களை ஒப்பிட்டதாகிவிடும். எண்ணை விட்டுவிட்டு, சாவடி இருக்கும் பள்ளியின் பெயரையும் தெருப் பட்டியலையும் வைத்துப் பொருத்துங்கள். சதவீதத்திலும் கவனம் வேண்டும்: சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வாக்காளர் பட்டியல் சுருங்கினால், ஒருவர்கூட அதிகமாக வாக்களிக்காமலே வாக்குப்பதிவு விகிதம் ஏறும். விகிதத்தின் பக்கத்தில் பதிவான வாக்கின் எண்ணிக்கையையும் அச்சிடுங்கள்.

எல்லையும் முக்கியம். 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த குறிச்சி, குனியமுத்தூர் பகுதிகள் பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியில் வாக்களிக்கின்றன; சூலூர், பல்லடம் கிராமங்களோ கோவைத் தொகுதியில். ‘கோவை மாநகரம்’ என்று தலைப்புப் போட்டுத் தொகுதி முடிவைத் தருவது பிழை.

எண்ணிக்கை நாளில் இன்னொன்று. வழக்கமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேசைகள். ஒரு சுற்றில் 14 சாவடிகள், எண் வரிசையில். 280 சாவடி என்றால் 20 சுற்று. அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத் தெருக்கள் என்பதால், முதல் மூன்று சுற்று தொகுதியின் ஒரு மூலையைத்தான் காட்டும். அதை ‘அலை’ என்று திரையில் ஓட்டாதீர்கள். எந்தப் பகுதிச் சாவடிகள் எண்ணப்பட்டன என்று சொல்லுங்கள்.

கடைசியாக, மிகவும் அழுத்திக் கேட்பது: தனிச் சாவடி எண்ணை வைத்து ‘இந்தத் தெரு இந்தக் கட்சிக்கு, இந்தச் சமூகம் இந்தக் கட்சிக்கு’ என்று எழுத வேண்டாம். யார் யாருக்குப் போட்டார்கள் என்று படிவம் 20 சொல்லாது. அப்படி எழுதினால், வென்றவர்கள் அந்தத் தெருவைப் பழிவாங்கலாம்; அப்போது குடிநீர்க் குழாயும் சாலையும் மறுக்கப்படுவது அந்தத் தெருவில் மாற்றி வாக்களித்தவருக்கும் சேர்த்துத்தான். ஒரே பள்ளியில் உள்ள எல்லாச் சாவடிகளையும் கூட்டி ஒரே எண்ணாக வெளியிடுங்கள். அலசலுக்கு அது போதும்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடிக் கணக்குகளைத் தொகுத்துவரும் கோவை வாக்காளர்கள் சிலர்