நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

குளிர், சாப்பாடு எல்லாம் அம்மா போனில் கேட்டுக்கொள்வாள். நான் வேறு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ குடியிருக்கும் ஊரின் பெயரை வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அரியலூரில் நாங்கள் வெட்டிய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லின் காலத்துக்கு ‘மாஸ்ட்ரிக்டியன்’ என்றுதான் பெயர். டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டம், ஏறக்குறைய 7.2 கோடி ஆண்டு முதல் 6.6 கோடி ஆண்டு முன்பு வரை. அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, அந்தக் காலத்துக் கடலில் வாழ்ந்த ராட்சத ஊர்வனமான மொசசாரை இன்னும் பார்க்கவில்லை என்கிறாயே!

ஊருக்குத் தெற்கே சின்ட் பீட்டர்ஸ்பெர்க் என்று ஒரு குன்று இருக்கிறதல்லவா, அதைக் குடைந்து காலங்காலமாகக் கட்டடக் கல் அறுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தச் சுரங்கங்களுக்குள் மொசசாரின் இரண்டு பெரிய மண்டை ஓடுகள் கிடைத்தன. ஒன்று 1784இல் ஹார்லெமின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. பேர்பெற்றது மற்றொன்றுதான். 1794இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தபின் அதைப் பாரிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 600 பாட்டில் ஒயின் தருவதாகச் சொன்னதும் சிப்பாய்கள் அதைத் தேடிக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு நம்பிக்கையில்லை. கதையைச் சொன்னவரே பிரெஞ்சு அரசு அனுப்பிய ஆள். எப்படியோ, இன்றைக்கும் அது பாரிசில்தான் இருக்கிறது.

அது என்ன மிருகம் என்பதிலும் அன்றைய அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. உள்ளூர் டாக்டர் ஹோஃப்மன் முதலை என்றார். டச்சு உடற்கூறு அறிஞர் பெட்ரஸ் காம்பர் திமிங்கிலம் என்றார். உடும்புக்குச் சொந்தம் என்று கண்டுபிடித்தவர் காம்பரின் மகன் அட்ரியான். 1808இல் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் கூவியேவும் அதையே சொன்னார். (அப்பாவைத் திருத்துவது பிள்ளைகளுக்குப் புதிதா என்ன!)

ஆகவே யாரிடமும் இதை டைனோசர் என்று சொல்லிவிடாதே. பல்லி, பாம்பு, உடும்புக் கூட்டத்திலிருந்து கடலுக்குப் போன கிளை இது. கால்கள் துடுப்பாக மாறிவிட்டன. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், ஆனால் முட்டையிடக் கரையேற வேண்டியதில்லை, குட்டி போடும். பழைய படங்களில் வாலை விலாங்குபோல வரைந்திருப்பார்கள். ஜோர்டானில் கிடைத்த ஒரு புதைபடிவத்தில் வால்துடுப்பின் சதை விளிம்பே பதிந்திருந்தது. 2013இல் அதை விவரித்தபிறகு, சுறாவுக்கு இருப்பதுபோன்ற துடுப்பு என்று தெரிந்தது.

எனக்கு ஆச்சரியம் அதன் வாய்தான். தாடைப் பல் போதாதென்று மேல் அண்ணத்தில் இன்னும் இரண்டு வரிசை, உள்நோக்கி வளைந்த பற்கள். பாம்புக்கும் இப்படி உண்டு. கீழ்த்தாடையின் நடுவிலும் ஒரு மூட்டு. கவ்விய இரை திமிறத் திமிற உள்ளேதான் போகும். மீன், கடற்பறவை, சமயத்தில் இன்னொரு மொசசாரையே விழுங்கியதும் வயிற்றுப் படிவத்தில் தெரிகிறது.

பாரிசுக்குப் போனது போகட்டும், உன் ஊர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ‘பெர்’ என்று பேர்வைத்த மொசசார் இருக்கிறது. 1998இல் அதே குன்றில், சிமெண்டுக்குக் கல் வெட்டிய சுரங்கத்தில் கிடைத்தது. நம்ம தொழில்! புரோக்னதோடான் என்ற வகை, உயிரோடு இருந்தபோது நம் டவுன் பஸ்ஸைவிட நீளம். எலும்புகளோடு சுறாப் பற்களும் கிடந்தன. செத்துக் கிடந்த உடலைச் சின்னச் சுறாக்கள் தின்றபோது உதிர்ந்தவை. அரியலூர்க் கல்லிலும் சுறாப் பல் வரும், நீயே சின்ன வயதில் பொறுக்கியிருக்கிறாய். அந்த நாளில் இரண்டு இடமும் ஆழம் குறைந்த கடல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். அண்ணத்துப் பல் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பு. பக்கத்தில் ஏதாவது பொருளை வைத்து எடுத்தால்தான் அளவு தெரியும். நாங்கள் சுத்தியல் வைப்போம், அங்கே விடமாட்டார்கள், நீயே நின்றுகொள்.

அன்புடன்,
அப்பா