யாழினியின் நேர்காணலுக்கு முன்

அன்புள்ள கலா,

இங்கே எல்லாரும் நலம். என் அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, கடை ஓடுகிறது, உன் அண்ணன் வீட்டு மாடிக்கு இன்னும் வெள்ளை அடித்தபாடில்லை. பண்ருட்டிக்காரரிடம் முந்திரிப் பருப்பு ஒன்றரைக் கிலோ சொல்லி வைத்திருக்கிறேன், மார்ச்சில் சுமதி வரும்போது கொடுத்தனுப்புகிறேன். விசாரிப்பு முடிந்தது.

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை நான். பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கும் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு விட்டுவிட்டேன். கோபம்தான்டி. அன்றைக்குப் போனில் உன் பெண் யாழினியைப் பற்றி என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "மருந்துக் கடையில நின்னு மாத்திரை எண்ணிப் போடவா இவளை இவ்வளவு தூரம் படிக்க வச்சோம்?" இருபத்திரண்டு வருஷமாக மருந்துக் கடையில் நிற்கிற என்னிடம் இதைச் சொன்னாய். இங்கிலாந்தில் மருத்துவப் படிப்புக்குக் கடைசி நாளான அக்டோபர் 15ஆம் தேதி தாண்டிவிட்டது, மருத்துவத்துக்கு விண்ணப்பமே போடவில்லை, கேட்கக்கூடிய ஐந்து இடத்தையும் பார்மசிக்கே போட்டுவிட்டாள் என்று நீ அழுதாய். அழுகையில் வந்த வார்த்தைதான், தெரியும். தெரிந்தும் மூன்று மாதம் தொண்டையிலேயே நின்றது.

சரி, அதை விடு. கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று ஆகஸ்டிலிருந்து என்னிடம் இருக்கிறது. யாழினி உன்னிடம் சொல்லியிருப்பாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, அவள் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் அவள் என்னோடு வீடியோவில் பேசுவது உனக்குத் தெரியும், என்ன பேசுகிறோம் என்று மட்டும் நீ கேட்டதில்லை. பார்மசி கல்லூரி நேர்காணலுக்குத்தான் ஒத்திகை பார்க்கிறோம். நேர்காணல் என்றால் ஒரு மேசைக்குப் பின்னால் நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்களுடையது நம் பி.டி. மிஸ் வைத்த விளையாட்டுப் போட்டி மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒருவர், சில நிமிஷம், நேரம் முடிந்தால் அடுத்தவர். ஓரிடத்தில் கணக்கு, ஓரிடத்தில் கோபமாக வந்த நோயாளியாக ஒருவர் நடிப்பார், இன்னோரிடத்தில் இக்கட்டான ஒரு நிலைமையைச் சொல்லி நீ என்ன செய்வாய் என்பார்கள், எங்காவது ஓரிடத்தில் ஏன் பார்மசி என்ற கேள்வி கட்டாயம் வரும். மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்க்கக் கூடாது, பேசிப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்று அங்குள்ள பார்மசி கவுன்சிலே கல்லூரிகளுக்கு விதி வைத்திருக்கிறதாம். எனக்குப் பொறாமையாக இருந்தது கலா. என்னை யாரும் ஏன் டி.பார்ம் என்று கேட்கவில்லை. மார்க் ஷீட்டைப் பார்த்தார்கள், பணம் கட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கணக்கில் அவள் கெட்டி. 16 கிலோ குழந்தை, கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாரசிட்டமால், 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப், எவ்வளவு கொடுப்பாய் என்றேன். கால்குலேட்டர் இல்லாமல் பத்து மில்லி என்றாள். இப்போது அந்தக் குழந்தையின் அப்பா கடலூருக்கு வந்திருக்கிறார், நான் அவருக்கு 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலைக் கொடுத்துவிட்டேன், அவர் பழக்கத்தில் அதே பத்து மில்லியை ஊற்றுகிறார், இப்போது சொல் என்றேன். ஒரு நிமிஷம் பேச்சில்லை. "சித்தி, 500 ஆயிடுது, ரெண்டு மடங்குக்கும் மேல" என்றாள். அந்த "சித்தி"யில் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம் அவளுக்கு இருக்கிறது என்பதால்தான் இந்தப் படிப்புக்கு அவள் சரியானவள் என்கிறேன்.

ஏன் பார்மசி என்ற கேள்விக்கு முதலில், மருந்துகள் உடம்பில் எப்படி வேலை செய்கின்றன என்பதில் சின்ன வயதிலிருந்தே ஆர்வம், அது இது என்று ஒப்பித்தாள். நிறுத்து, இதை நூறு பிள்ளைகள் சொல்வார்கள், லீவுக்கு இங்கே வந்து என் கடையில் இருந்த ஐந்து வாரத்தில் நீ கண்ணால் பார்த்ததைச் சொல் என்றேன். அப்புறம்தான் வாய் திறந்தாள். எச்1 பதிவேட்டை, அதாவது சில ஆன்டிபயாடிக் மாதிரிக் கட்டுப்பாடுள்ள மருந்துகளை விற்றால் எழுத வேண்டியதை, எனக்காக அவள்தான் எழுதினாள், சீட்டு எழுதிய டாக்டர் யார், நோயாளி யார், என்ன மருந்து, எத்தனை மாத்திரை எல்லாம் குறித்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டியது அது. இரண்டே இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடும்மா என்று வந்தவரைச் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று நான் திருப்பி அனுப்பியதையும், அவர் நேராக எதிர்க் கடைக்குப் போனதையும் சொன்னாள். "அவர் அங்க போறதைப் பார்த்துக்கிட்டே நீங்க அடுத்தவங்க சீட்டை வாங்கினீங்க சித்தி, அது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றாள். இதைத்தான் அங்கே சொல் என்றேன்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, பழைய மாணவர்கள் சொல்லியிருந்த கேள்விகளிலிருந்து ஒன்றைப் படித்தேன். உன்னோடு வேலை செய்கிறவர் ஒரு நோயாளியின் மருந்தில் தவறு செய்ததை நீ பார்க்கிறாய். என்ன செய்வாய்?

அவள் பேசவில்லை. படம்தான் நின்றுவிட்டதோ என்று போனைத் தட்டினேன். அவள் கண் சிமிட்டியது தெரிந்தது. "இதை வேண்டாம் சித்தி, வேற கேள்வி கேளுங்க" என்றாள்.

நடந்தது இதுதான். ஆடி வெள்ளிக்கிழமை, சாயங்காலம், பாடலீஸ்வரர் கோயில் பக்கம் எள் போட்டால் விழாத கூட்டம். ஒரு பாட்டி வந்து வாய்ப்புண்ணுக்கு மாத்திரை கேட்டார். பேர் உனக்கும் சொல்ல மாட்டேன், உன் வீட்டுக்குத் தெரிந்தவராகவே இருக்கலாம். நான் பி காம்ப்ளெக்ஸ் அட்டையை எடுத்து வெட்டப் போனேன். பக்கத்தில் நின்ற யாழினி, "பாட்டி, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், அன்றைக்குக் கேட்க எனக்கு நேரமில்லை. பாட்டி சுருக்குப் பையிலிருந்து இரண்டு கவரை எடுத்து வைத்தார். ஒன்று ஃபோலிக் ஆசிட். இன்னொன்று மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்குக் கொடுப்பது. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும், தினமும் சாப்பிட்டால் வாய் முழுக்கப் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகும். கவரின் மேல் "காலை 1" என்று எழுதியிருந்தது. கிழமை எழுதவில்லை. கையெழுத்து என்னுடையது.

எட்டு நாளாகத் தினம் ஒன்று சாப்பிட்டிருக்கிறார்.

இனி எழுதப் போவதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை, என் அம்மாவிடம்கூட. பாட்டியை உட்கார வைத்து, அவர் மகனுக்குப் போன் போட்டு, ஆட்டோவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை அந்தக் கவரை மடித்து மேசை டிராயருக்குள் போட்டது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. யாழினி பார்த்துவிட்டாள். சத்தமே இல்லாமல், "சித்தி, அந்தக் கவரையும் டாக்டர்கிட்ட காட்டணும் இல்ல? எத்தனை நாள்னு அவங்களுக்குத் தெரியணுமே" என்றாள். பதினேழு வயசுப் பெண் கலா. குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

டிராயரைத் திறந்து கவரை எடுத்தேன். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நானும் ஆட்டோவில் ஏறினேன். இங்குள்ள ஆஸ்பத்திரியிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினார்கள், நானும் போய், என்ன மாத்திரை, எத்தனை நாள், தவறு யாருடையது எல்லாவற்றையும் சொன்னேன். மாற்று மருந்து ஏற்றினார்கள். பாட்டி மூன்று வாரத்தில் வீடு திரும்பினார், இப்போது நன்றாக இருக்கிறார், என் கடைக்கே வருகிறார். அவர் மகன் முதல் நாள் என்னைப் பேசிய பேச்சில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. அன்றிலிருந்து இந்த மருந்தின் கவரில் கிழமையைச் சிவப்பு மையில் நானே எழுதுகிறேன், வாங்குகிறவரைத் திருப்பிச் சொல்ல வைத்துத்தான் கையில் கொடுக்கிறேன். உங்கள் ஊரில் மருந்துப் பெட்டியின் மேலேயே எந்தக் கிழமை என்று முழுசாக எழுத வேண்டும் என 2020இல் சொல்லியிருக்கிறார்களாம். ஊருக்குத் திரும்பிய முதல் வாரமே அதைத் தேடிப் பிடித்து அனுப்பியவள் உன் பெண்தான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "அம்மா ஏற்கனவே மருந்துக் கடைன்னா ஒரு மாதிரி பேசுறாங்க, இதைச் சொன்னா உங்களையும் அப்படிப் பேசுவாங்க" என்றாள். என்னைக் காப்பாற்ற ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். நேர்காணலிலும் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம். நான்தான் சொல் என்கிறேன். பாட்டி பேர் வேண்டாம், கடை பேர் வேண்டாம், சித்தி என்றும் சொல்ல வேண்டாம், நடந்ததை மட்டும் சொல், டிராயரையும் சேர்த்துச் சொல். அங்கே மருந்தாளுநர்களுக்கு ஒன்பது நெறி வைத்திருக்கிறார்கள், எட்டாவது, தவறு நடந்தால் வாய் திறந்து சொல் என்பது. அதை அவள் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறாள். ஒப்பிக்கவே வேண்டாம், அவள்தான் ஏற்கனவே செய்துவிட்டாளே!

இப்போது உன் விஷயம். மாத்திரை எண்ணிப் போடுகிற வேலை என்றாயே, அந்த எண்ணிக்கைக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு பாட்டியின் உயிர் இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது, அங்கே இருந்துகொண்டே இது உனக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 2024 ஜனவரி கடைசியிலிருந்து இங்கிலாந்தில் தொண்டை வலி, காதுவலி, பூச்சிக்கடிப் புண், அக்கி என்று ஏழு நோய்க்கு டாக்டரிடம் போகாமலேயே மருந்தாளுநர் பார்த்து மருந்து கொடுக்கிறார். 2026இலிருந்து புதிதாகப் பதிவாகிறவர்கள் மருந்துச் சீட்டு எழுதும் தகுதியோடுதான் வெளியே வருகிறார்கள். யாழினிக்கு நாலு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி, அப்புறம் ஒரு பரீட்சை. இங்கே நான் கனவிலும் செய்ய முடியாததை அவள் 23 வயதில் செய்யப் போகிறாள்.

தானே புயலை நினைத்துப் பார். 2011 டிசம்பர், நீ லீவுக்கு வந்து மாட்டிக்கொண்டாய், மூன்று வயசு யாழினி உன் மடியில். ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. என் கடை ஃபிரிட்ஜில் முப்பது பேருடைய இன்சுலின். பெரிய மண்பானைக்குள் மணலைப் போட்டு நனைத்து, நடுவில் சின்னப் பானையை வைத்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கினோம். மணல் காயாமல் தண்ணீர் தெளித்தது யார்? நீதான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தெளித்தாய். அன்றைக்கு இது மாத்திரை எண்ணுகிற வேலை என்று உனக்குத் தோன்றவில்லை. யாழினிக்கு அது ஞாபகமில்லை, நீ சொன்னதுமில்லையாம். நேர்காணலுக்கு முன் உன் வாயால் அதை அவளுக்குச் சொல்லு, நான் சொன்னால் பாடம் மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மருத்துவம் ஏன் இல்லை என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் படித்தாலே அவள் குரல் மாறுகிறது, ஏனென்றால் அது அவள் காதில் உன் குரலில் விழுகிறது. மருத்துவத்தில் இடம் கிடைக்காதவள் பதில் சொல்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறாள். அவள் மருத்துவத்துக்கு முயற்சியே செய்யவில்லை, இதைத் தேர்ந்தெடுத்தாள். அந்தத் தலையை நிமிர்த்த என்னால் முடியவில்லை, உன்னால் முடியும்.

பிப்ரவரி 10ஆம் தேதிக்குள் இதைச் செய்துவிடு, அதற்கப்புறம் நாள் இல்லை. இந்தச் சனிக்கிழமை உங்கள் ஊர் நேரம் காலை ஒன்பதரைக்கு முழு ஒத்திகை வைத்திருக்கிறேன், கோபக்கார நோயாளியாக என் அம்மா நடிக்கிறார், முட்டி வலியோடு, இரண்டு நாளாகச் சேலை எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். ஒன்பதரைக்கு நீ பக்கத்து அறையில் இரு, உள்ளே வராதே. முடிந்ததும் நானே உன்னைக் கூப்பிடுகிறேன், எடு.

உன்,
வசந்தி
திருப்பாதிரிப்புலியூர்