ஆதார் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்: அந்த ஜெராக்ஸை யாரிடம் திரும்பக் கேட்பது?

இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு லாட்ஜில் அறை கேட்டேன். இரவு மணி பதினொன்று. ஓட்டுநர் உரிமத்தை நீட்டினால், "ஆதார்தான் சார் வேணும்" என்றான் பையன். முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரைக் காட்டினேன், உங்கள் தளத்தில் இறக்கியதுதான். "நம்பரே தெரியலையே, இது செல்லாது சார்." அலுத்துப்போய் முழு நகலைக் கொடுத்துவிட்டு மாடியேறினேன். மேசைக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி. முகமும் முகவரியும் பிறந்த தேதியுமாக, எங்கெங்கிருந்தோ வந்தவர்களின் நகல்கள் அதில் வழிந்துகொண்டிருந்தன.

பையன்மேல் கோபமில்லை. கண்டவரிடம் நகல் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் உங்கள் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அவன் எதை நம்புவான்?

2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 3ஆம் பிரிவு ஆதார் பெறுவதை உரிமை என்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். மானியத்துக்கும் வருமான வரிக்கும் ஆதார் கேட்கலாம், வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது 2018 தீர்ப்பு. மறு வருடமே சட்டத்தைத் திருத்தி, 'விருப்பப்பட்டால் தரலாம்' என்று அந்தக் கதவை மறுபடி திறந்துவிட்டார்கள். தராவிட்டால் வேலை நடக்காது என்கிற இடத்தில் விருப்பம் எங்கிருந்து வரும்?

அம்மா கதை வேறு. பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்த கை. ரேஷன் கடையில் முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். ஐந்தாவது முறையும் சிவப்பு விளக்குதான். பின்னால் வரிசை முணுமுணுக்க, ஏதோ திருடிவிட்டவள்போல் ஒதுங்கி நிற்பாள். ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று 2017இல் நீங்களே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். கடைக்காரர் அதைப் பார்த்ததே இல்லை என்கிறார்.

மறைத்த ஆதார் செல்லும், முழு நகல் வாங்கிவைக்கக் கூடாது, ரேகை விழாவிட்டாலும் அரிசி உண்டு. இந்த மூன்றையும் தமிழில் ஒரு பலகையில் எழுதி, ஆதார் கேட்கிற ஒவ்வொரு இடத்திலும் மாட்டச் சொல்லுங்கள். மீறினால் அபராதம் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. என் நகல் அந்த அட்டைப்பெட்டியில் இன்னும் கிடக்கிறது. அதைத் திரும்ப வாங்க எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்?

இப்படிக்கு,
ஆதார் வைத்திருக்கும் ஒருவன்