ட்ரோனா கைவிடப்பட்ட ஊர் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவின் ட்ரோனா சுண்ணப்பாறைத் தூண்களைப் பற்றிய பயணக் கட்டுரையில், பக்கத்திலிருக்கும் ஊரைக் ‘கைவிடப்பட்ட சுரங்க ஊர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதில் இரண்டு பிழைகள். ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே சுரங்கம் என்று எதுவும் இல்லை.

ஊரை ஒட்டியுள்ள சர்ல்ஸ் ஏரி நீர் வற்றிய உப்புப் படுகை. மேலே வெள்ளைப் பொருக்கு, அடியில் படிகங்களின் இடுக்குகளில் அடர்ந்த உப்புக் கரைசல். கிணறு போட்டு அந்தக் கரைசலை இறைப்பதுதான் தொழில். ஆர்கஸ் ஆலையில் 1978 முதல் அதில் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். கரைசலிலுள்ள கார்பனேட் பைகார்பனேட்டாக மாறும். அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது என்பதால் அடியில் படியும். வடிகட்டிச் சூடாக்கினால் சோடா சாம்பல், அதாவது சோடியம் கார்பனேட். வாயு எங்கிருந்து? ஆலையின் சொந்த நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து. (தூத்துக்குடி சோடா ஆலை ஒன்று 2016இல் இதே போல் புகையிலிருந்து வாயுவைப் பிரிக்கத் தொடங்கியபோது புதுமை என்று உலகம் பேசியது.) மிச்சக் கரைசல் மறுபடி ஏரிக்கே போய்ப் புதிதாக உப்பைக் கரைத்துக்கொள்ளும்.

வரலாற்றையும் கொஞ்சம் சேர்த்திருக்கலாம். ஜான் சர்ல்ஸ் 1870களில் இங்கே வெண்காரம் எடுத்துக் கோவேறு கழுதை வண்டிகளில் அனுப்பினார். ஊர் பிறந்தது 1913இல், வளர்ந்ததோ முதல் உலகப் போரில். அதுவரை உலகின் பொட்டாஷ் உரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. போரால் அது நின்றதும் விலை பல மடங்கு ஏறியது. 1914இல் சர்ல்ஸ் ரயில் நிலையத்திலிருந்து சுமார் 50 கி.மீ. நீளத்துக்கு ட்ரோனா ரயில்பாதை போட்டு முடித்தார்கள். ஏரிக் கரைசலிலிருந்து அவசரத்தில் எடுத்த பொட்டாஷில் வெண்காரம் கலந்திருந்தது. வெண்காரத்திலுள்ள போரான் பயிருக்குத் துளிதான் வேண்டும். கூடினால் இலை ஓரம் கருகும், முளை வராது. 1919இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உருளைக்கிழங்கும் பருத்தியும் இப்படித்தான் பாழாயின.

அதற்குக் கண்ட தீர்வு அழகானது. சூடான கரைசலைச் சட்டென்று குளிர்வித்தால் பொட்டாஷ் உரமான பொட்டாசியம் குளோரைடு உடனே படிகமாகும். வெண்காரம் மந்தமானது, கரைசலிலேயே தங்கிவிடும். முதலாவதை வடித்துவிட்டு, மிச்சத்தில் வெண்காரப் படிகங்களை விதை போலத் தூவினால் இரண்டாவதும் இறங்கும். இருபதுகளில் ஊர் பிழைத்தது இந்த வேக வித்தியாசத்தால்தான்.

ட்ரோனாவுக்கு மேயர் இல்லை, நகர மன்றம் இல்லை. நம் கணக்கில் பஞ்சாயத்துகூட இல்லாத ஊர். சாலை, காவல் எல்லாம் சான் பெர்னார்டினோ மாவட்டத்தின் பொறுப்பு; தலைநகரோ நூறு மைலுக்கு அப்பால். தொடக்கத்தில் வீடும் கடையும் கம்பெனியுடையவை, கூலிகூடக் கம்பெனிச் சீட்டில். ஆகவே கம்பெனி சுருங்கினால் ஊரும் சுருங்கும். ‘ட்ரோனா’ என்று மக்கள்தொகைக் கணக்கில் தேடுபவர்கள் ‘சர்ல்ஸ் வேலி’ என்று தேடவேண்டும்: 2010இல் 1,739 பேர், 2020இல் 1,565 பேர். 2007இல் ஆலைகளை வாங்கியது, சலவைத்தூளால் நாம் அறிந்த நிர்மா. சலவைத்தூளுக்கு சோடா சாம்பல் மூலப்பொருள் என்பதால் வியக்க ஒன்றுமில்லை.

ஊரின் உண்மையான பலவீனம் தண்ணீர். உள்ளூர் நீர் முழுக்க உப்பு. பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் புல்லே இல்லை, மண்ணில்தான் ஆடுகிறார்கள். குடிநீர் மேற்கே இந்தியன் வெல்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து குழாயில் வரவேண்டும். 2019 ஜூலை 4இல் 6.4, மறுநாள் 7.1 அளவு நிலநடுக்கங்களில் குழாய்கள் உடைந்து வீடுகளில் தண்ணீர் நின்றது. இப்போது அந்தப் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரே குறைந்துவருகிறது. அதை நிர்வகிக்கும் அமைப்பு ஏக்கர் அடிக்கு (ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர்) ஈராயிரம் டாலருக்கு மேல் கட்டணம் விதித்ததை எதிர்த்து ஆலை நீதிமன்றம் போனது.

உங்கள் வாசகர் யாராவது அக்டோபரில் நடக்கும் படிகத் திருவிழாவுக்குப் போனால் ஒரு குறிப்பு: ஏரியில் எடுக்கும் இளஞ்சிவப்பு உப்புப் படிகங்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது, கரைந்துவிடும். அங்கே தொட்டியில் வைத்திருக்கும் ஏரிக் கரைசலிலேயே அலசவேண்டும்.

வாசகர்,
தூத்துக்குடி