ஜெர்மனியின் ஆகன் நகரில் படிக்கும் கதிரவனுக்கு அப்பா எழுதுவது

கோவில்பட்டி
19.4.2026

அன்பு மகன் கதிரவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மீனா ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள். வெயில் இப்போதே கொளுத்துகிறது. எதிர்வீட்டு மாமாவின் மருமகன் அடுத்த வாரம் ஜெர்மனி திரும்புகிறார். அவரிடம் கொடுத்துவிடும் பார்சலில்தான் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். கடலைமிட்டாய், சாத்தூர் காரச்சேவு, பருப்புப்பொடி, ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கின்றன. நேரத்துக்குச் சாப்பிடு. பொடியைப் போட்டுச் சாப்பிட்டால் போதும் என்று காய்கறி வாங்காமல் இருந்துவிடாதே.

போனில் பேச ஆரம்பித்தால் நீ இரண்டு நிமிடத்தில் "சரிப்பா, வைக்கட்டுமா" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன செப்டம்பரில் பீகாரில் ராஜ்கிரில் ஆசியக் கோப்பை ஹாக்கி இறுதியாட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, இங்கே இரவு ஏழரை, உனக்கு மாலை நான்கு மணி. முதல் நிமிடத்திலேயே சுக்ஜீத் சிங் கோல் போட்டார். அம்மா உடனே உனக்கு போன் செய்தாள். நீ எடுக்கவில்லை. இரண்டாவது கோலுக்கு மீனா முயன்றாள். அதற்கும் எடுக்கவில்லை. தென்கொரியாவை 4-1 என்று ஜெயித்து, எட்டு வருடத்துக்குப் பிறகு கோப்பையை வாங்கி, உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றோம். மறுநாள் மதியம் உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது: "பார்த்தேன்பா, நல்ல ஆட்டம்." இரண்டு கோல் போட்டது யார் என்று மீனா கேட்டதற்குப் பதில் இல்லை. தில்ப்ரீத் சிங். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோல் விழுந்த நிமிடத்தைக்கூடச் சொல்கிற பையன் நீ. நீ ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆச்சியிடம் மட்டும், நீ பார்த்தாய் என்றே சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாட்டில் கடைகள் மூடியிருக்கும் என்று நீதான் சொன்னாய். அப்படியென்றால் அந்த மாலையில் எங்கே இருந்தாய்? வேலையிலா? வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வரைதான் வேலை செய்யலாம் என்று விதி இருக்கிறது. அதற்குள்தானே செய்கிறாய்? இரவு வேலை வேண்டாம். உடம்பு தாங்காது.

டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது நானும் மீனாவும் பஸ் பிடித்து மதுரைக்குப் போனோம். புது மைதானம். நம் பையன்கள் ஸ்விட்சர்லாந்தை 5-0 என்று ஜெயித்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தோம். நீல நிறச் செயற்கை இழைத் தரையில் பந்து ஓடுகிற வேகத்தை டிவியில் பார்த்து ஒருநாளும் புரிந்துகொள்ள முடியாது என்று மீனா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். உனக்குப் படம் அனுப்பினோம். கட்டைவிரல் ஒன்று திரும்பி வந்தது. சின்ன வயதில் நம் ஊர் லட்சுமி அம்மாள் கோப்பை ஹாக்கி ஆட்டங்களுக்கு என் தோளில் உட்கார்ந்து வந்த பிள்ளை நீ. மே மாத வெயிலில் வீட்டுக்கு வரமாட்டேன் என்று அழுதவன். கட்டைவிரலை அனுப்பினால் மீனாவுக்கு எப்படி இருக்கும்?

அந்தப் போட்டியில் வெண்கலப் பதக்க ஆட்டத்தை வீட்டில்தான் பார்த்தோம். அர்ஜென்டினாவோடு. மூன்றாவது கால்பகுதி முடிந்தபோது 0-2. மீனா எழுந்து ரிமோட்டை எடுத்தாள். ஆச்சி ஒரு அதட்டல் போட்டார்: "தோற்கும்போது அணைக்கிற வழக்கம் இந்த வீட்டில் என்றைக்கு வந்தது?" உட்கார்ந்துவிட்டாள். கடைசிப் பதினோரு நிமிடத்தில் நான்கு கோல், கதிர். அங்கித் பால், மன்மீத் சிங், சாரதா நந்த் திவாரி, அன்மோல் எக்கா. 4-2. பயிற்சியாளர் யார் தெரியுமா? நம் பழைய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ்தான். நீ சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் ஆச்சிக்கு நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. உன் அளவுக்கு எனக்கு விளக்கத் தெரியவில்லை. பெனால்டி கார்னரில் பந்தை உருட்டித் தூக்கி அடிப்பதற்குக் கால் எங்கே ஊன்ற வேண்டும் என்று சமையலறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆச்சிக்குக் காட்டினாயே, அது எனக்கு வராது. இத்தனை வயதில் ஆச்சி இன்றைக்கும் ஆட்டம் புரிந்து பார்க்கிறார் என்றால் அது நீ சொல்லிக்கொடுத்தது. அதைப் பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார்.

ஆட்ட முடிவுகளை எழுதிவைப்பாயே, உன் அந்த நீல அட்டை நோட்டை மீனா எடுத்து வைத்திருக்கிறாள். கோபப்படாதே, பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாள். நேற்று வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கம் 2012 லண்டன் ஒலிம்பிக். உனக்குப் பத்து வயது. அந்த வருடம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். ஆட்டம் ஆரம்பித்ததும் கரண்டு போகும். இன்வெர்ட்டர் இருந்த எதிர்வீட்டுக்கு நீயும் நானும் ஓடுவோம், அம்மா மீனாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். நெதர்லாந்திடம் 2-3. நியூசிலாந்திடம் 1-3. ஜெர்மனியிடம் 2-5. கொரியாவிடம் 1-4. பெல்ஜியத்திடம் 0-3. கடைசியில் பதினோராவது இடத்துக்கான ஆட்டம், தென்னாப்பிரிக்காவிடம் 2-3. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வாங்கிய நாடு. எதிர்வீட்டு மாமாவே மூன்றாவது ஆட்டத்தோடு கிரிக்கெட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டார். நீ மாட்டேன் என்றாய். ஆறு ஆட்டத்தையும் பார்த்தாய், ஆறையும் எழுதினாய். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. பெல்ஜியத்துக்கு எதிரே அந்த 0 எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறாய், அப்பா இப்போதுதான் கவனித்தேன்.

அதே நோட்டில் 2016 ரியோ. ஜெர்மனிக்கு எதிரே 1-1 என்று எழுதி வைத்துவிட்டு, கடைசி மூன்று விநாடியில் அவர்கள் கோல் போட்டதும் பக்கத்திலேயே 1-2 என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு ராத்திரி நீ சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தாய்.

டோக்கியோவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் முடியாது. 1980இல் மாஸ்கோ இறுதியாட்டத்தை உன் தாத்தா ரேடியோவில் காதை வைத்துக் கேட்டார். ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்தபோது நம் ஊர்ப்பக்கத்து ஆள் மாதிரியே பாஸ்கரன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார், கேப்டன் தமிழ்நாட்டுக்காரர் என்று. நான் அப்போது சின்னப் பையன், அவர் மடியில் இருந்தேன். அதற்குப் பிறகு 41 வருடம் ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரு பதக்கம் இல்லை. 2021 ஆகஸ்ட் 5, காலை ஏழு மணி. உனக்கு ஆன்லைன் வகுப்பு. போனை ஊமையாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாய், நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். ஜெர்மனி 3-1 என்று முன்னால் போனதும் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நாம் 5-4 என்று வந்து, ஆறு விநாடி இருக்கும்போது அவர்களுக்கு பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். நான் அழுதேன், நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய். தாத்தா இருந்திருக்க வேண்டும் என்று ஆச்சி சொன்னார். அன்றைக்கு நீ என்னைத் தாங்கியதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பாரிஸ்தான் நாம் எல்லோரும் சேர்ந்து பார்த்த கடைசி. பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை கொடுத்துவிட்டார்கள். பத்துப் பேரை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். "ஒரு ஆள் குறைந்தால் மற்றவர்கள் ஓட வேண்டிய தூரம் அதிகம், அவ்வளவுதான்பா" என்று அப்போது சொன்னாய். அடுத்த மாதம் நீ விமானம் ஏறினாய். அந்த வாக்கியத்தை நான் பல தடவை நினைத்துக்கொள்கிறேன்.

இனி வங்கி விஷயம். கல்விக்கடன் கொடுத்த வங்கியில், மூன்றாவது செமஸ்டர் மதிப்பெண் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு செமஸ்டருக்கும் வழக்கமாகக் கேட்பதுதான். இரண்டாவது செமஸ்டருக்கே நீ "அனுப்புகிறேன்" என்று சொன்னதோடு நிற்கிறது. கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் பரீட்சை முடிந்திருக்கும். குளிர்காலத்தில் படிப்பது சிரமம், நான்கரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுத விடுவார்கள், அதற்கு மேல் படிப்பையே தொடர முடியாதாம். எதிர்வீட்டு மருமகன் பேச்சுவாக்கில் சொன்னார். பொதுவாகச் சொன்னதுதான். உன்னை வைத்துச் சொல்லவில்லை. அம்மா அன்றைக்கு முழுக்கப் பேசவே இல்லை.

முதல் வருடச் செலவுக்கு என்று விசாவுக்காக முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்ட பணத்தை எப்படித் திரட்டினோம் என்று உனக்குத் தெரியும். அதை நினைத்து நீ உன்னை வருத்திக்கொள்கிறாயோ என்று அம்மா பயப்படுகிறாள். இரண்டாவது வருடத்துக்கு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது, தெருவெல்லாம் சொன்னேன். அந்தப் பெருமைக்காக நீ இரவெல்லாம் பெட்டி தூக்க வேண்டாம். அம்மாவின் வளையல் அம்மாவுக்கு வேண்டியதில்லையாம், அவளே எழுதச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு.

ஆகஸ்ட் 15 முதல் 30 வரை உலகக் கோப்பை. வாவ்ரிலும் ஆம்ஸ்டெல்வீனிலும். ஒன்று பெல்ஜியம், ஒன்று நெதர்லாந்து. வரைபடத்தில் பார்த்தேன். உன் ஊர் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் தொடுகிற மூலையில் இருக்கிறது. இரண்டுக்குமே காலையில் ரயிலேறினால் போய்விடலாம். தாத்தா ரேடியோவில் கேட்டார், நான் டிவியில் பார்த்தேன், நீ நேரில் பார்க்கப் போகிறாய். நம் ஊர் விளையாட்டு விடுதியில் பயிற்சி எடுத்த மாரீஸ்வரன் இந்தியாவுக்கு ஆடினார். அரியலூர் கார்த்தி பாகிஸ்தானுக்கு எதிரே தன் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். ஆனால் இந்தத் தெருவிலிருந்து உலகக் கோப்பையைப் பார்க்கப் போன ஆள் இதுவரை யாரும் இல்லை. நீ அங்கே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் ஆச்சி டிவி திரையில் உன்னைத் தேடுவார். மூவர்ணத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள், பார்சலில் அதுவும் இருக்கிறது.

டிக்கெட்டுக்காக உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். ஒரு ஆட்டத்துக்காவது போ. அந்தப் பணத்தை வாடகைக்கோ, பரீட்சைக் கட்டணத்துக்கோ, வேறு எதற்கோ கொடுக்க வேண்டிய நிலை என்றால் கொடுத்துவிடு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். ஆனால் எதற்குக் கொடுத்தாய் என்று எனக்குச் சொல். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் நான் சொல்லமாட்டேன். இரவு எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

பார்சல் கைக்கு வந்ததும் போன் செய். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஊறுகாய் பாட்டிலை மீனாதான் சுற்றிக் கட்டியிருக்கிறாள், பிரிக்கும்போது பார்த்துப் பிரி. ராஜ்கிர் பக்கத்தை உன் நோட்டில் அவள் காலியாக விட்டிருக்கிறாள். நீதான் எழுத வேண்டுமாம்.